கூகைக்கட்டு ரிக்கற்றுகள்: எதற்கு பி26.9, எதற்கு கே11.2?

பதிவறை_திருமலை எழுதியது:

வணக்கம். திருகோணமலை மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றின் பதிவறையில், வீடு திரும்பியவர்களின் பி.எச்.ரி.களுக்கு (நோயாளியின் படுக்கைச் சீட்டு, நாங்கள் ரிக்கற் என்போம்) ஐ.சி.டி.-10 (சர்வதேச நோய் வகைப்பாடு) குறியீடு போடும் வேலை. கூகைக்கட்டு (மம்ப்ஸ்) என்று வருகிற ரிக்கற்றுகளில் ஒரே நோய்க்குப் பல விதமான எழுத்து. முன்பக்கத்தில் இருக்கும் வாசகங்களை மட்டும் தருகிறேன். ஆள் அடையாளம் எதுவும் இல்லை. குறியீடுகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், திரையில் ஆங்கில எழுத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அ) "அக்யூட் பரோட்டைட்டிஸ்" (காதருகே உள்ள பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பியின் அழற்சி). வேறொன்றும் இல்லை.

ஆ) "? மம்ப்ஸ்". மூன்று நாளில் வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். இரத்தம் அனுப்பியதாகக் குறிப்பு உண்டு, முடிவு ரிக்கற்றில் இல்லை.

இ) "ரைட் ஓர்க்கைட்டிஸ்" (வலது விதை அழற்சி). உள்ளே அனுமதிக் குறிப்பில் "ஒரு கிழமைக்கு முன் மம்ப்ஸ்" என்று ஒரு வரி.

ஈ) "மம்ப்ஸ்". உள்ளே வயிற்றுவலி, சத்தி, இரத்தத்தில் அமிலேஸ் நொதி வழமையைவிட நாலு மடங்கு.

உ) "வைரல் மெனிஞ்சைட்டிஸ்" (வைரஸால் வந்த மூளையுறை அழற்சி). தாதியர் குறிப்பில் மட்டும் "இடது கன்னம் வீங்கியிருக்கிறது".

இணையத்தில் தேடினால் பி26.81, பி26.85 என்றெல்லாம் வருகிறது. எங்கள் புத்தகமோ பி26.8-ஐ மேலும் பிரிக்கவில்லை. எதைப் பின்பற்றுவது?

கடைசியாக ஒன்று. எம்.ஓ.எச். (சுகாதார மருத்துவ அதிகாரி) பணிமனைக்குப் போன தொற்றுநோய் அறிவித்தல்களின் எண்ணிக்கையும் எங்கள் ஐ.எம்.எம்.ஆர். (வாட்டில் சேர்ந்தவர்களின் நோய், மரண அறிக்கை) எண்ணிக்கையும் ஒத்துவருவதில்லை. அது எங்கள் பிழையா?

---

கோட்மேசை எழுதியது:

பி26.81 கதையை முதலில் முடித்துவிடுவோம். அது அமெரிக்காவுக்கென்று உருவாக்கிய ஐ.சி.டி.-10-சி.எம். பதிப்பு. இணையத்தில் தேடினால் முன்னுக்கு வருவது பெரும்பாலும் அதுதான். அதில் பி26.8-ஐ மேலும் பிரித்திருக்கிறார்கள்: 81 ஈரல், 82 இதயத்தசை, 83 சிறுநீரகம், 84 நரம்புகள், 85 மூட்டு, 89 மற்றவை. நாங்கள் பாவிப்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10. அதில் இவை எல்லாம் பி26.8 என்ற ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன. எந்த உறுப்பு என்பதை நட்சத்திரக் குறியீடுதான் சொல்லும். ஐந்தாவது இலக்கத்தோடு ஒரு கூகைக்கட்டுக் குறியீட்டைக் கண்டால் பக்கத்தை மூடிவிடுங்கள். அந்தப் பதிப்பில் கூகைக்கட்டு அல்லாத ஓர்க்கைட்டிஸ், சுரப்பி அழற்சி ஆகியவற்றுக்கு உள்ள இலக்கங்களும் எங்களுடையவற்றோடு ஒத்துப்போகாது.

எங்கள் புத்தகத்தில் உள்ளது இவ்வளவுதான்:

பி26.0† விதை அழற்சி, கூட என்51.1*
பி26.1† மெனிஞ்சைட்டிஸ், கூட ஜி02.0*
பி26.2† என்செபலைட்டிஸ் (மூளை அழற்சி), கூட ஜி05.1*
பி26.3† சதையி (பான்கிரியாஸ்) அழற்சி, கூட கே87.1*
பி26.8 மற்றச் சிக்கல்கள். மூட்டு என்றால் எம்01.5*, இதயத்தசை என்றால் ஐ41.1*, சிறுநீரகம் என்றால் என்08.0*, பல நரம்பு அழற்சி என்றால் ஜி63.0*
பி26.9 சிக்கல் எதுவும் இல்லாதது

குறுவாள் (†) உள்ளது நோயின் வேரைச் சொல்கிறது, நட்சத்திரம் (*) அது எங்கே வெளிப்பட்டது என்பதை. நட்சத்திரக் குறியீடு ஒருபோதும் தனியே நிற்காது. மென்பொருளில் ஒரே ஒரு இடம்தான் கிடைத்தால் குறுவாள் உள்ளதைப் போடுங்கள். என்51.1-ஐ மட்டும் ஏற்றினால் கூகைக்கட்டு என்பதே கணக்கிலிருந்து மறைந்துபோகும்.

இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கிறது: பி26.1 போட்ட அதே ரிக்கற்றுக்கு "நோய் கூகைக்கட்டுத்தானே" என்று பி26.9-ஐயும் சேர்ப்பது. பி26.9-இன் பெயரே சிக்கலற்றது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும். சிக்கல் இரண்டு இருந்தால், உதாரணமாக மெனிஞ்சைட்டிஸும் ஓர்க்கைட்டிஸும், பி26.1-ஐயும் பி26.0-ஐயும் போடலாம். அந்தத் தடவை எதற்காகக் கூடுதலான கவனிப்பு நடந்ததோ அது முதலில் வரும்.

இனி உங்கள் ஐந்தும்.

அ) அகரவரிசை அட்டவணையில் "பரோட்டைட்டிஸ்" என்ற சொல்லுக்குப் போங்கள். சொல் தனியே நின்றால் அது கே11.2-க்கு அனுப்பும். கீழே "எபிடெமிக்", "இன்ஃபெக்‌ஷியஸ்" என்ற இரண்டு சொற்களுக்குத்தான் பி26.9 இருக்கிறது. ஆக, எழுதியிருப்பதை எழுதியபடி எடுத்தால் கே11.2. பக்றீரியாத் தொற்றால் வந்த சுரப்பி அழற்சி போன்றவை போகிற இடம் அது. டொக்டர் மனதில் இருந்தது கூகைக்கட்டு என்றால் அவர்தான் அந்தச் சொல்லை எழுதவேண்டும். வயது ஆறு, இரண்டு பக்கமும் வீக்கம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் உண்டு என்று உள்ளே இருந்தாலும், அதைக் கூட்டிப்பார்த்து நோயை நிர்ணயிப்பது எங்கள் மேசையின் வேலை அல்ல. கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

ஆ) இன்னும் தெளிவாக எழுதித் தரமுடியுமா என்று கேளுங்கள். முடியாது, வேறு தகவலும் இல்லை என்றால் நிச்சயமான நோயைப் போலவே பி26.9 போடுங்கள்.

இ) இதில்தான் அதிகம் சறுக்குவது. ஓர்க்கைட்டிஸ் பெரும்பாலும் கன்னம் வீங்கி நாலு முதல் எட்டு நாளில் வரும். அதற்குள் கன்னம் வற்றியிருக்கும், முதல் ரிக்கற் மூடியிருக்கும், இரண்டாவது தடவை வேறொரு வாட்டில், சிலவேளை சத்திரசிகிச்சை வாட்டில் சேர்ந்திருப்பார். அங்கே கண்ணில் படுவது விதை மட்டுமே. அப்படியே குறியீடு போட்டால் என்45.9. ஆனால் காரணம் கூகைக்கட்டு என்று டொக்டர் எழுதினால் பி26.0† உடன் என்51.1*. உள்ளே இருக்கிற "ஒரு கிழமைக்கு முன்" என்ற வரி கேள்வி கேட்கப் போதும், குறியீட்டை மாற்றப் போதாது. சிறுநீர்த் தொற்றாலும் பாலியல் தொற்றாலும் விதை வீங்கும்.

கேட்கிற முறையும் முக்கியம். "மம்ப்ஸ் ஓர்க்கைட்டிஸ் என்று போடவா?" என்று கேட்டால் வேலை மிகுதியில் ஓம் என்றுதான் பதில் வரும். துண்டில் இப்படி எழுதி ரிக்கற்றில் குத்தி அனுப்புங்கள்:

"முன்பக்கம்: ரைட் ஓர்க்கைட்டிஸ். அனுமதிக் குறிப்பு: ஒரு கிழமைக்கு முன் மம்ப்ஸ். ஓர்க்கைட்டிஸுக்கான காரணத்தை எழுதித் தரவும். மம்ப்ஸ் / வேறு தொற்று / வேறு காரணம் / நிர்ணயிக்க முடியவில்லை."

பதில் அந்தத் துண்டில் இருந்தால் போதாது. முன்பக்கத்தில் திகதியோடும் கையொப்பத்தோடும் ஏறவேண்டும். துண்டு கழன்று விழும்.

ஈ) அமிலேஸைப் பார்த்து பி26.3 போடவே வேண்டாம். உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கினாலே அமிலேஸ் ஏறும். இதை வாட்டில் இருப்பவர்கள் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். இப்போதைக்கு பி26.9, கூடவே ஒரு கேள்வித் துண்டு.

உ) எழுதியபடி ஏ87.9. ஆனால் ஏ87-இன் கீழே உள்ள விலக்குக் குறிப்பை வாசியுங்கள். கூகைக்கட்டால் வந்த மெனிஞ்சைட்டிஸ் அங்கே சேராது, பி26.1-க்குப் போகவேண்டும் என்று சொல்லியே இருக்கிறது. தாதியர் குறிப்பை வைத்துக் குறியீடு போடமுடியாது, ஆனால் கேள்வி எழுப்பலாம்.

---

தரவுப்பக்கம் எழுதியது:

(ஆ) பற்றி ஒரு மறுப்பு. "?" போட்டிருந்தால் அறிகுறிக்கான குறியீடுதான் போடவேண்டும் என்று படித்திருக்கிறேன், அதாவது முக வீக்கத்துக்கு ஆர்22.0. சந்தேகத்தை நோயாகக் கணக்கில் ஏற்றினால் எண்ணிக்கை ஊதிப்போகாதா?

---

கோட்மேசை எழுதியது:

நீங்கள் சொல்வதும் ஐ.சி.டி.-10-இன் விதிகள் உள்ள இரண்டாம் தொகுதியில்தான் இருக்கிறது, ஆனால் அது எழுதுபவருக்குச் சொன்னது. நோய் உறுதியாகாமல் ஆள் வீடு போகிறார் என்றால், "இருக்கலாம்", "சந்தேகம்" என்று நோயின் பெயரை எழுதாமல், தெரிந்த அறிகுறியை எழுதுங்கள் என்று டொக்டருக்குச் சொல்கிறது. அவர் "வலது பரோட்டிட் வீக்கம், காரணம் நிர்ணயிக்கப்படவில்லை" என்று எழுதியிருந்தால் நாங்களும் அதற்கேற்ற குறியீட்டைப் போடுவோம்.

குறியீடு போடுபவருக்கு வேறு விதி. "சந்தேகம்" என்று மட்டும் எழுதிய ரிக்கற் கைக்கு வந்து, மேலதிகத் தகவலோ விளக்கமோ கிடைக்காவிட்டால், அதை உறுதியான நோய் போலவே குறியீடு செய்யவேண்டும் என்று அதே நூல் சொல்கிறது. பரிசோதித்து "மம்ப்ஸ் இல்லை" என்று தீர்ந்து, வேறு நோயும் காணப்படாவிட்டால்தான் இசட்03.8. வேறு நோய் கண்டுபிடித்திருந்தால் அந்த நோயின் குறியீடு.

எண்ணிக்கை ஊதுமே என்ற கவலை நியாயமானது. அதற்கு மருந்து முன்பக்கத்தை எழுதுகிற இடத்தில் இருக்கிறது, குறியீட்டு மேசையில் இல்லை.

---

வாட்சுற்று எழுதியது:

வாட் பக்கத்திலிருந்து. "அக்யூட் பரோட்டைட்டிஸ்" என்று எழுதும்போது எங்களில் பலர் நினைப்பது கூகைக்கட்டையே. அந்தச் சொல் கே11.2-க்குப் போய் விழும் என்பது வாட்டில் அநேகருக்குத் தெரியாது. மேலே கோட்மேசை எழுதியதை அச்செடுத்து வாட் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கூகைக்கட்டு என்று எழுத லாப் ரிப்போட்டுக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. பரோட்டிட்டோ வேறு உமிழ்நீர்ச் சுரப்பியோ திடீரென்று வீங்கி, தொட்டால் நோகிறது, இரண்டு நாளுக்குக் குறையாமல் நிற்கிறது, வேறு வெளிப்படையான காரணம் இல்லை என்றால் மருத்துவ ரீதியில் அது கூகைக்கட்டு. அந்த நான்கும் குறிப்பில் இருக்கவேண்டும். பல ரிக்கற்றுகளில் "கன்னம் வீக்கம் +" என்று மட்டும் இருக்கும். அதை வைத்து நிணநீர்க் கணுவா, பல்லில் சீழா, சுரப்பியா என்று பின்னால் வருகிறவர் எப்படிச் சொல்வார்?

பார்ப்பதற்கு எளிய அடையாளங்கள் உண்டு. பரோட்டிட் வீங்கினால் தாடை மூலையை விரலால் தடவித் தேடினாலும் அகப்படாது, வீக்கம் அதை மூடியிருக்கும். பின்னால் நின்று பார்த்தால் காதுச் சோணை மேலேயும் வெளியேயும் தூக்கியிருக்கும். கணு என்றால் வீக்கம் தாடைக்குக் கீழே நிற்கும், மூலை தெளிவாகத் தெரியும். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, மேல்வரிசை இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு நேரே கன்னத்தின் உட்புறத்தில் பரோட்டிட் குழாயின் வாயைப் பாருங்கள். வெளியிலிருந்து சுரப்பியை மெதுவாக அழுத்தும்போது அதிலிருந்து சீழ் வந்தால் அது பக்றீரியாத் தொற்று, கே11.2 வகை. கூகைக்கட்டில் குழாயின் வாய் சிவந்து தடித்திருக்கலாம், சீழ் வராது. "குழாய் வாய் சிவப்பு, சீழ் இல்லை" என்ற ஐந்து சொல்லை எழுத எவ்வளவு நேரம் போகும்?

அமிலேஸ் விஷயம் கோட்மேசை சொன்னபடிதான். இரத்தத்தில் உள்ள அமிலேஸ் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் வரும், சதையியிலிருந்தும் வரும். கன்னம் வீங்கியவருக்கு நாலு மடங்கு ஏறியிருப்பது சதையியைப் பற்றி எதையும் நிரூபிக்காது. லிப்பேஸ் என்ற நொதியைப் பாருங்கள், அது கன்ன வீக்கத்தால் ஏறுவதில்லை. மேல்வயிற்று வலியும் லிப்பேஸும் சேர்ந்து வந்தால் "மம்ப்ஸ் பான்கிரியாட்டைட்டிஸ்" என்று முன்பக்கத்தில் எழுதலாம். இல்லாவிட்டால் எழுதக்கூடாது.

மெனிஞ்சைட்டிஸைப் பொறுத்தவரை, கூகைக்கட்டில் கன்னம் வீங்காமலேயே மூளையுறை தாக்கப்படலாம், வீக்கம் பிறகும் வரலாம். ஆகவே (உ)-வில் உள்ள தாதியர் குறிப்பு பெறுமதியானது. அதை டொக்டர் பார்த்து ஒத்துக்கொண்டு எழுதவேண்டும், அவ்வளவுதான்.

இனிப் பரிசோதனை. முதல் மூன்று நாளில் எடுத்த இரத்தத்தில் ஐ.ஜி.எம். (புதிய தொற்றைக் காட்டும் எதிர்ப்புரதம்) இல்லை என்று வந்தால் அதை வைத்துக் கூகைக்கட்டு இல்லை என்று சொல்லமுடியாது. ஐந்து முதல் பத்தாம் நாளுக்குள் திரும்ப எடுக்கலாம். தடுப்பூசி போட்டவருக்கு ஐ.ஜி.எம். கடைசிவரை வராமலும் போகும். பி.சி.ஆர். செய்வதென்றால் வீங்கிய பக்கத்துச் சுரப்பியை வெளியிலிருந்து 30 செக்கன் தடவி, மேலே சொன்ன குழாய் வாயைச் சுற்றி ஸ்வாப் எடுக்கவேண்டும். முதல் மூன்று நாள்தான் நல்ல காலம். செயற்கை நார் ஸ்வாப் தேவை, மரக்குச்சியில் பஞ்சு சுற்றியது சரிவராது. வைரஸ் கடத்தும் திரவத்தில் போட்டு 2 முதல் 8 பாகை செல்சியஸில் அனுப்புங்கள். பொரளை எம்.ஆர்.ஐ.-க்குப் (மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்) போகிற தூரத்தில் குளிர் விட்டுப்போனால் "இல்லை" என்று வரும் முடிவுக்குப் பொருளே இல்லை. ஸ்வாப் எடுத்த நாளை வீக்கம் தொடங்கிய நாளோடு சேர்த்து எழுதுங்கள். "வீக்கம் நாள் 2, ஸ்வாப் எடுத்தது" என்று இருந்தால், பிறகு வரும் முடிவை எப்படி எடுத்துக்கொள்வது என்று யாருக்கும் விளங்கும்.

தடுப்பூசி என்ற இடத்தில் "இம்யூனைஸ்ட்" என்று எழுதுவதையும் நிறுத்தவேண்டும். எங்கள் தேசியத் திட்டத்தில் எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி) வந்தது 2011 ஒக்டோபரில். அதற்கு முன் அட்டை முழுக்க நிரம்பியிருந்தாலும், அதில் உள்ளது சின்னமுத்துக்கும் ருபெல்லாவுக்குமான எம்.ஆர்., கூகைக்கட்டு அதில் இல்லை. இருபத்தைந்து வயது ஆண் "தடுப்பூசி எல்லாம் போட்டது" என்று சொல்வது உண்மைதான், ஆனால் கூகைக்கட்டுக்கு எதிராகப் பெரும்பாலும் ஒன்றுமே போட்டிருக்கமாட்டார். "எம்.எம்.ஆர். 0", "1", "2" என்று எழுதி, அட்டையைப் பார்த்ததா வாய்ச்சொல்லா என்பதையும் எழுதுங்கள். இப்போது பிள்ளைகளுக்கு 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுகிறோம்.

---

பதிவறை_திருமலை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. (இ) ரிக்கற்றுக்குத் துண்டு எழுதிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, காது கிளினிக்கிலிருந்து சேர்ந்த ஒருவருக்கு "லெஃப்ட் சென்சரிநியூரல் ஹியரிங் லோஸ், போஸ்ட் மம்ப்ஸ்" என்று இருக்கிறது. கூகைக்கட்டு வந்தது இரண்டு வருடத்துக்கு முன். இதற்கும் பி26.8-ஆ? மற்றது அந்த எண்ணிக்கை விவகாரம்.

---

கோட்மேசை எழுதியது:

இல்லை. பி26 என்பது இப்போது நடக்கிற நோய்க்கு. இரண்டு வருடத்துக்கு முந்தியது ஓய்ந்துவிட்டது, அது விட்டுப்போன தழும்புதான் இப்போது இருப்பது. முதலில் எச்90.4, அதாவது ஒரு பக்கம் கேட்காது, மறுபக்கம் சரியாகக் கேட்கும். மறுபக்கம் சரி என்பது குறிப்பில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கேளுங்கள். அதற்குத் துணையாக பி94.8, தொற்றுநோயின் பின்விளைவு என்பதற்கு. கூகைக்கட்டு இருக்கும்போதே கேள்நரம்பு பாதித்தால் பி26.8-உம் எச்94.0*-உம். கூகைக்கட்டு ஓர்க்கைட்டிஸ் வந்துபோய் வருடங்களுக்குப் பின் பிள்ளைப்பேறின்மைக்கு வருகிறவருக்கும் இதே வழி: என்46, கூட பி94.8. இதில் பி26.0 போட்டால் அந்த வருடம் ஊரில் கூகைக்கட்டு பரவியதாகக் கணக்குச் சொல்லும்.

---

களவாரம் எழுதியது:

எண்ணிக்கை பொருந்தேல்லை எண்டதைப் பற்றி நான் சொல்லுறன், அது கள வேலை செய்யிற எங்கட பக்கம்தான்.

உங்கட பிழை இல்லை. ரெண்டும் ரெண்டு விதமான கணக்கு. அறிவித்தல் சந்தேகம் வந்த அண்டைக்கே எச் 544 எண்ட தொற்றுநோய் அறிவித்தல் படிவத்தில போகவேணும். கூகைக்கட்டு கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய், உறுதியாகும்வரை காத்திருக்கக் கூடாது. வெளிநோயாளர் பிரிவில பாத்து மருந்து குடுத்து அனுப்பினவருக்கும் போகவேணும். கூகைக்கட்டில கனபேர் வாட்டில சேருறதே இல்லை. ஐ.எம்.எம்.ஆர். அப்படி இல்லை, வாட்டில சேர்ந்து வெளியேறின ஆக்களை மட்டும்தான் எண்ணும், அதுவும் வெளியேறின திகதிக்கு. அறிவித்தல் சனி தொடங்கி வெள்ளியில முடியிற கிழமைக் கணக்கில ஏறும். வீட்டுக்குப் போய் விசாரிச்ச பிறகு அது கூகைக்கட்டு இல்லை எண்டு தெரிஞ்சால் எங்கட பதிவேட்டில வெட்டுப்படும். உங்கட ரிக்கற்றில அது அப்பிடியே இருக்கும். கிண்ணியாவிலயோ மூதூரிலயோ சேர்ந்து பெரியாஸ்பத்திரிக்கு மாத்தி அனுப்பினவருக்கு ரெண்டு ரிக்கற், ரெண்டு டிஸ்சார்ஜ். நோயாளி ஒராள்தான். அதால ரெண்டு எண்ணும் ஒண்டாய் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

ஆனால் பொருந்தவேண்டிய ஒண்டு இருக்கு. பி26 எண்டு குறியீடு போட்ட ஒவ்வொரு ரிக்கற்றுக்கும் வாட்டின்ர அறிவித்தல் பதிவேட்டில ஒரு வரி இருக்கவேணும். அதை மாதம் ஒருக்கா நீங்கள் ஒப்பிட்டுப் பாத்தால் பெரிய உதவி. வரி இல்லாட்டி உடன சொல்லுங்கோ, பிந்தினாலும் எச் 544 போகலாம். மாத்தி அனுப்புற ரிக்கற்றில "அறிவித்தாச்சு, திகதி" எண்டு எழுதிவிட்டால் இரட்டிப்பும் வராது, ரெண்டு இடமும் மற்றவர் அனுப்புவார் எண்டு விடுறதும் நடக்காது. பிறகு ஓர்க்கைட்டிஸ் எண்டு திரும்ப வந்தால் அது புது ஆள் இல்லை. முதல் அறிவித்தலைக் குறிப்பிட்டு, சிக்கல் வந்திருக்கு எண்டு எம்.ஓ.எச்.சுக்குச் சொன்னால் காணும். மெனிஞ்சைட்டிஸும் அறிவிக்கவேண்டிய நோய்தான், அதை மறக்கவேண்டாம்.

படிவத்தில எங்களை அலைய வைக்கிறது ரெண்டு இடம்.

ஒண்டு, நோய் தொடங்கின திகதி. சேர்ந்த திகதியையே அதிலயும் எழுதி விடுகினம். எங்களுக்கு வேண்டியது கன்னம் வீங்கின நாள். காய்ச்சல் தொடங்கின நாளும் இல்லை, அது முதலே வரும். வீக்கம் 3ஆம் திகதி தொடங்கினால் 8ஆம் திகதி முடியுமட்டும் வீட்டில, 9ஆம் திகதி பள்ளிக்கூடம் போகலாம். பின்னுக்குப் பாத்தால் 1ஆம் திகதியில இருந்து கிட்ட இருந்த ஆக்கள் ஆர் எண்டு தேடுவம், ஏனெண்டால் வீங்கிறதுக்கு ரெண்டு நாள் முந்தியே நல்லாப் பரவும். அந்த ஆக்களுக்குக் கடைசியாத் தொடர்பு இருந்த நாளில இருந்து 25 நாள்மட்டும் வரலாம். சேர்ந்த திகதி 6 எண்டு எழுதினால் எங்கட கணக்கு முழுக்க மூண்டு நாள் பிசகும். பிள்ளை தேவையில்லாமல் மூண்டு நாள் பள்ளிக்கூடம் போகாது, உண்மையில தொற்றின ஆக்களை நாங்கள் கேக்காமல் விட்டுடுவம்.

மற்றது விலாசம். அறிவித்தல் நோயாளி இருக்கிற இடத்து எம்.ஓ.எச்.சுக்குப் போகும். அடையாள அட்டையைப் பாத்து எழுதினால் அது பிறந்த ஊராய் இருக்கும். தென்மேல் பருவக்காத்து நேரம் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்தில இருந்து தொழிலுக்கு வந்து குச்சவெளிக் கரையில வாடியில (மீனவர் தங்குற தற்காலிகக் குடில்) இருக்கிற ஆக்களை எடுங்கோ. ஒரு வாடிக்குள்ள பத்துப் பேர் படுக்கினம், ஒரே கோப்பையில தேத்தண்ணி. அதில ஒராளுக்கு வந்தால் அட்டை விலாசத்தின்படி படிவம் சிலாபத்துக்குப் போகும். அங்க போற பி.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டில ஆளில்லை, இங்க வாடியில இருக்கிற ஒன்பது பேரை ஒருத்தரும் பாக்கேல்லை. மூதூரில வீடு, டவுனில விடுதியில நிண்டு படிக்கிற பிள்ளையும் அப்பிடித்தான். "வீங்கிறதுக்கு முந்தின மூண்டு நாள் எங்க படுத்தனீங்கள்?" எண்டு கேட்டு அந்த இடத்தை எழுதுங்கோ, நிரந்தர விலாசத்தையும் கீழ எழுதுங்கோ. ஃபோன் நம்பரும், கிட்ட இருக்கிற கோயிலோ பள்ளிவாசலோ கடையோ ஒண்டும். "பிரதான வீதி" எண்டு மட்டும் எழுதினால் எந்தப் பிரதான வீதி?

வீட்டில சொல்லுற பேரையும் கேட்டு வையுங்கோ. எங்கட சனம் கூவக்கட்டு எண்டும், சிங்களச் சனம் கம்முல்காய எண்டும் சொல்லுவினம். "மம்ப்ஸ் வந்த ஆள் ஆரும் வீட்டில இருக்கா?" எண்டு கேட்டால் இல்லை எண்டு வரும். அந்தப் பேரில கேட்டால் போன கிழமை தம்பிக்கும் வந்தது எண்டு சொல்லுவினம்.

---

பதிவறை_திருமலை எழுதியது:

அறிவித்தல் பதிவேட்டோடு ஒப்பிடுகிற யோசனை இந்த மாதத்திலிருந்தே செய்யக்கூடியது. (ஆ) ரிக்கற்றின் இரத்த முடிவு இன்று வந்திருக்கிறது, ஐ.ஜி.எம். பொசிட்டிவ். ரிக்கற் மூடி, கணினியில் பி26.9 என்று ஏற்றியும் விட்டோம். இனி என்ன செய்வது?

---

கோட்மேசை எழுதியது:

குறியீடு மாறாது, ஏற்றியது அப்படியே இருக்கட்டும். ஆனால் ரிப்போட்டை ரிக்கற்றில் ஒட்டி, வாட் டொக்டரிடம் கொடுத்து, "?"-ஐ அழிக்காமல் அதற்குக் கீழே "ஐ.ஜி.எம். பொசிட்டிவ், மம்ப்ஸ் உறுதி" என்று இன்றைய திகதியோடு ஒரு வரி எழுதுவித்துக்கொள்ளுங்கள். முன்பு எழுதியதை வெட்டி மேலே எழுத விடவேண்டாம், பழைய எழுத்தும் வாசிக்கக் கூடியதாக இருக்கவேண்டும். பிறகு முடிவின் பிரதி ஒன்றை எம்.ஓ.எச். பணிமனைக்கு அனுப்புங்கள்.

---

களவாரம் எழுதியது:

பிரதியில ரிக்கற் இலக்கத்தையும் முதல் எச் 544 அனுப்பின திகதியையும் மேல எழுதிவிடுங்கோ. பேரை மட்டும் வைச்சுப் பதிவேட்டில தேடினால் ஒரே பேரில நாலு பேர் வருவினம்.